கி.மு. 3345: எண்ணோடு வரம்பையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு அறிவித்தது. அன்று முதல் அந்த எண் செய்திகளிலும் மேடைகளிலும் பிறந்த தேதி போலச் சொல்லப்பட்டு வருகிறது. உண்மையில் அது, இரும்போடு கிடைத்த கரியைக் கணித்து வந்த ஒரு கால வரம்பின் நடுப்புள்ளி. தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையும் அதை நடுமதிப்பு என்றே குறிப்பிடுகிறது. இந்த வேறுபாட்டை வாசகர்களுக்கு விளக்க வேண்டிய பொறுப்பு நாளிதழ்களுக்கு உண்டு என்பதால் இதை எழுதுகிறோம்.

உயிருள்ள மரத்திலும் நெல்லிலும் இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்று, மெல்லச் சிதையும் கதிரியக்க வகையான கார்பன்-14 ஆக இருக்கும். உயிர் போனபின் புதிதாக எதுவும் சேராது. உள்ளது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். முடுக்கி நிறை நிறமாலைமானி (AMS) என்ற கருவி எஞ்சிய அணுக்களை எண்ணிக் கணக்கிடுகிறது. இதற்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும் என்பதால் கருகிய ஒரு நெல்மணியைக்கூடக் கணிக்க முடிகிறது.

இயந்திரம் முதலில் தருவது நாட்காட்டி ஆண்டு அல்ல, "இன்றைக்கு முன்" என்ற ரேடியோ கார்பன் ஆண்டு. இங்கே "இன்று" என்பது 1950. காற்றில் கார்பன்-14 எல்லா நூற்றாண்டிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களையும் பிற பதிவுகளையும் கொண்டு 55,000 ஆண்டுகள் வரை அமைத்த திருத்த வளைவோடு அந்த எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பிழை நுழையும் இடம் இதுதான். 4,500 என்ற வாசிப்பிலிருந்து 1950-ஐக் கழித்தால் கி.மு. 2550 வரும். திருத்த வளைவில் வைத்தால் அது சுமார் கி.மு. 3350-க்கும் 3100-க்கும் இடையில் விழும். மூல வாசிப்பையும் திருத்திய ஆண்டையும் குழப்பினால் அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் காணாமல் போய்விடும்.

கீழடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்ற ஆண்டு 2019-இல் வெளியானது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை திருத்த வளைவு தட்டையாகக் கிடக்கிறது. அந்நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த கார்பன்-14 குறைந்த வேகமும், புதைந்த பொருளில் அது சிதையும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. எனவே கி.மு. 750-இல் வெட்டிய மரமும் கி.மு. 420-இல் வெட்டிய மரமும் இன்று ஏறக்குறைய ஒரே வாசிப்பைத் தரும். ஆய்வகத்தை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. ஒரே குழியில் மேலிருந்து கீழாக, அடுக்கு அடுக்காகப் பல மாதிரிகளை எடுத்து, அவற்றின் வரிசையையும் கணக்கில் சேர்த்தால் மட்டுமே வரம்பு குறுகும்.

அடுத்து, எதைக் கணித்தார்கள் என்ற கேள்வி. கரி என்றால் அந்த மரம் எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று கேட்க வேண்டும். மரத்தின் உள்வளையம் மரம் நிற்கும்போதே கார்பன் ஏற்பதை நிறுத்திவிடுகிறது. முதிர்ந்த மரத்தின் நடுத்தண்டை எரித்திருந்தால், எரித்த நாளைவிட நூறு இருநூறு ஆண்டு மூத்த கணக்கு வரலாம். நெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஒரு பருவத்தின் பயிர். சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு வந்த கி.மு. 1155 இந்த வகையில் உறுதியான சான்று. ஆனால் அது அந்த நெல்லின் காலம். பிற தாழிகளின் காலத்தை அதிலிருந்து சொல்ல முடியாது.

சிவகளை முடிவின் வலிமை அந்த ஒற்றை எண்ணில் இல்லை. கரியுடன், பானை ஓடும் தனியாகக் கணிக்கப்பட்டது. மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் ஆகியவற்றுக்குச் சென்றன. இதைத்தான் தலைப்பில் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பானையோட்டில் செய்வது ஒளித்தூண்டு ஒளிர்வு முறை. சூளையின் வெப்பம் குவார்ட்ஸ் துகள்களில் தேங்கிய ஆற்றலை வெளியேற்றிவிடும். அதன்பின் மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு அதை மீண்டும் நிரப்பும். தேங்கிய அளவை ஆண்டுக்குச் சேரும் அளவால் வகுத்தால் வயது. ஆகவே பானை ஓட்டை மட்டும் அனுப்பினால் போதாது, அதைச் சூழ்ந்த மண்ணும் போக வேண்டும். வெளிச்சமும் அந்த ஆற்றலை வெளியேற்றிவிடும் என்பதால், வெளிச்சம் பட்ட மேற்பரப்பில் இரண்டு மில்லிமீட்டரை இருட்டறையில் சுரண்டி எடுப்பார்கள். மண்ணின் ஈரமும் முக்கியம்: நீர் கதிர்வீச்சைத் தடுக்கும், ஈரத்தைக் குறைத்து மதிப்பிட்டால் வயதும் குறைந்து வரும். நன்றாகச் செய்தாலும் ஐந்து முதல் பத்து விழுக்காடு பிழை இருக்கும்.

எவ்வளவு நல்ல ஆய்வகமும் குழியில் நடந்த தவற்றைச் சரிசெய்யாது. கரித்துண்டை வெறுங்கையால் தொடக்கூடாது. உலோகக் கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பஞ்சும் காகிதமும் கார்பன்தான், அதனால் பொட்டலத்துக்குள் காகிதச் சீட்டு போடுவதும் தவறு. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஆய்வகம் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி மண்ணின் சுண்ணாம்பையும் மட்கையும் நீக்கும். எலி வளை வழியாக வேறு அடுக்கிலிருந்து இறங்கிய கரியை எந்த அமிலமும் காட்டிக்கொடுக்காது. கரியும் இரும்பும் ஒரே தாழிக்குள், கலையாத அடுக்கில் கிடந்தனவா என்பதை அகழாய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

எனவே இத்தகைய அறிவிப்பு வரும்போது தங்கள் செய்தியாளர் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி, ஆண்டுக்குக் கீழே ஒரே வரியில் அச்சிட வேண்டுகிறோம்: மாதிரி எது, ஆய்வக எண்ணும் பிழை அளவுடன் கூடிய மூல வாசிப்பும் என்ன, 95 விழுக்காடு நம்பகத்துக்குரிய திருத்திய வரம்பு என்ன, மாதிரி எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது. அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடும் விவரம் இது.

இரும்பையே நேரடியாகக் கணிக்கவும் வழி உண்டு. உருக்கும்போது கரியிலிருந்து உலோகத்தில் ஏறிய கார்பனைப் பிரித்தெடுத்து அளக்கலாம். துரு வெளிக் கார்பனை ஏற்றுவிடும் என்பதால் அதற்குத் துருப்பிடிக்காத உட்பகுதி வேண்டும். நம் செம்மண்ணில் அப்படி ஒரு துண்டு கிடைப்பது அரிது. கிடைத்து, அது கணிக்கப்படும் நாளில் அந்தச் செய்தியை முதல் பக்கத்தில், முழு வரம்போடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லியல் காலக்கணிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மதுரை.