அந்த 18 நிமிடம்

தஞ்சாவூர்
12.10.2025

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்பில் ஒருத்தி, வட்டத்தின் பரப்பளவு கேட்ட இடத்தில் வட்டத்தை மட்டும் அவ்வளவு அழகாக வரைந்து வைத்திருக்கிறாள். மனசு கேட்காமல் அரை மார்க் போட்டேன். உன் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், பி.டி. பீரியடில் வயிற்றுவலி வருகிற ஆள் நீ.

படுத்தபடியே தினம் ஒரு படம் பார்ப்பதாக எழுதியிருந்தாய். அத்தோடு விட்டாயா? "நீ இன்னும் மாமியாரோடு உட்கார்ந்து சீரியல்தானா? மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தானே உட்காருவாய்?" என்று ஒரு குத்து. சரி, பதில் சொல்கிறேன், கேள்.

சீரியலில் என்னென்ன குறை என்று நீ சொல்ல வேண்டாம், என்னிடம் உன்னைவிட நீளமான பட்டியல் இருக்கிறது. ஒருத்தி கதவைத் திறக்க ஒரு வாரம். கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் அந்த அறையிலிருக்கும் எல்லார் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் இடி விழுகிற சத்தம். பட்டுப்புடவையோடு தூங்குகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 'கோலங்கள்' 2003இல் ஆரம்பித்து 2009 வரை, 1500 பகுதிக்கு மேல் ஓடியதே, அந்த ஆறு வருஷமும் நான் அத்தையைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். கவிதா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தது. அவள் ஒன்பதாவது வந்த பிறகுதான் முடிந்தது.

அதை எடுத்த அதே திருச்செல்வம் 2022இல் 'எதிர்நீச்சல்' எடுக்க ஆரம்பித்தபோது, அத்தைக்குத் துணையாக நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மாமா போனபிறகு ராத்திரி அவரைத் தனியாக விட எனக்கு மனசு வருவதில்லை. எட்டரை மணிக்குத் தூங்கப் போகிறவர், இதற்காகப் பத்து மணி வரை விழித்திருக்கப் பழகிக்கொண்டார். கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரிய வீடு, படித்த மருமகள்கள் நாலு பேர், பட்டத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படியில் நிற்கிறார்கள். அந்த வீட்டை ஆட்டிப்படைக்கிற மூத்தவர் ஆதி குணசேகரன். மாரிமுத்து அந்த வேஷத்தைச் செய்த அழகை நீ பார்த்திருக்கவேண்டும். "இந்தாம்மா ஏய்" என்று அவர் கூப்பிட்டால் எங்கள் தெருவில் நாலு வீட்டு டிவியிலிருந்து சேர்ந்து கேட்கும்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அரை மணி நேரத்தில் மூன்று நான்கு தடவை விளம்பரம் வரும். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அத்தை சத்தத்தைக் குறைப்பார். ஒருநாள் அப்படிக் குறைத்துவிட்டு, "நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, யாரும் சொன்னதில்லை. மன்னார்குடியில் கல்யாணத்துக்கு முன்னால் படித்தாராம். சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அது இருந்த உறை கெட்டியாக இருக்கிறதென்று மாமா அதில் நிலத்துப் பத்திரத்தைப் போட்டுக்கொண்டாராம். சொல்லிக்கொண்டே சோபா கைப்பிடியில் விரலை வைத்து ஏ, எஸ், டி, எஃப், ஜி என்று தட்டிக் காட்டினார். எழுபத்தாறு வயசு அப்போது. ஒரு விரல்கூடத் தடம் மாறவில்லை. சீரியல் திரும்ப ஆரம்பித்தது, சத்தத்தைக் கூட்டிவிட்டார். மிச்சம் அடுத்த விளம்பரத்தில்தான்.

இப்படித்தான் ஒன்றரை வருஷத்தில் அவர் கதை முழுக்க எனக்குத் தெரிந்தது, மூன்று மூன்று நிமிஷமாக. நேருக்கு நேர் உட்கார்ந்து "சொல்லுங்க அத்தை" என்றால் சொல்வாரா? மாட்டார். டிவியைப் பார்த்தபடி பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது, என் முகத்தைப் பார்க்கவேண்டாம். "உங்க மாமாவும் ஏய்னுதான் கூப்பிடுவாரு. 46 வருஷத்துல என் பேரை மூணு தடவ சொல்லியிருந்தா அதிகம்" என்று ஒருநாள் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. குணசேகரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்து இறந்துபோனார். நான் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் அத்தைக்குச் செய்தி தெரிந்திருந்தது. மத்தியானம் சாப்பாடு அப்படியே மூடிக் கிடந்தது. அந்த ஆளைத் தினமும் ஒன்பதரைக்குத் திட்டியவர்! வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தபிறகும் அத்தை பார்த்தார், ஆனால் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "இவரைப் பாத்தா நிஜமாவே பயமா இருக்கு. அவன்கிட்ட சிரிப்பும் வரும்ல." எனக்கு அது பெரிய விமரிசனமாகப் பட்டது. ஒரு கொடுமைக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற வாய்ப்பை மாரிமுத்து அவருக்குக் கொடுத்திருந்தார். வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், அவர்மேல் குற்றமில்லை. பயப்படுவதற்கு அத்தைக்கு டிவி தேவையில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 'மெய்யழகன்'. நீ இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், தஞ்சாவூர்க்காரி என்று சொல்லிக்கொள்ளாதே! சென்ற வருஷம் செப்டம்பர் கடைசியில் வந்தது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீளம், நீளம் என்று எல்லாரும் சொல்ல, நாலு நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். நான் போனது அதற்கு அடுத்த வாரம். எங்கள் தமிழ் டீச்சர் முதல் சனிக்கிழமையே போய்வந்துவிட்டார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் நான் பார்க்காத அந்த 18 நிமிஷத்தை எனக்குத் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜல்லிக்கட்டு பற்றி கார்த்தி இப்படிப் பேசுவார், கரிகாலனைப் பற்றி அப்படிப் பேசுவார் என்று. அவர் சொல்லச்சொல்ல, படத்தில் இருந்ததைவிட நீளமாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

கதை ஒரு வரிதான். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் ஊரைவிட்டுப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்து ஒரு தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். விழுந்து விழுந்து கவனிக்கிற ஒரு சொந்தக்காரன் கூடவே ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பேர் என்ன என்று அருளுக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். அந்த ராத்திரி முழுக்கப் பேச்சு. மேடையில் தங்கைக்கு ஒவ்வொரு நகையாக எடுத்துக் கொடுக்கிற இடத்தில் பக்கத்து சீட் போலீஸ்காரர் (உடுப்பில் இல்லை, கிராப்பை வைத்துச் சொல்கிறேன்) கர்சீப்பை எடுத்தார். நான் அதற்கு முன்பே, வீட்டைக் காலிசெய்கிற இடத்திலேயே எடுத்துவிட்டேன்.

உனக்கு ஏன் என்று தெரியும். தெற்கு வீதி வீட்டை உன் அப்பா விற்றபோது நீங்கள் விட்டுப்போன ஊஞ்சல் பலகை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. படத்தில் அருள் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிளால் ஒரு குடும்பம் தலையெடுக்கும். உங்கள் பலகையால் நாங்கள் அப்படியெல்லாம் ஒன்றும் தலையெடுக்கவில்லை. அதில் அத்தை தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்து காயவைப்பார். ஆனாலும் அந்த சைக்கிள் வந்தபோது எனக்குப் பலகைதான் கண்ணில் நின்றது.

சரி, விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த 18 நிமிஷம் இருந்திருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. கல்யாண வீட்டில் முதல்நாள் ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்துப் பேசுவோமே, அதில் பாதி உபயோகமில்லாத பேச்சுதான். அந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதிப் பாதியை மட்டும் பேசமுடியுமா? பேசித் தேய்ந்து, வாய் ஓய்ந்து, யாரோ கொட்டாவி விட்டபிறகுதான் உள்ளே கிடப்பது வெளியே வரும். டைரக்டர் பிரேம்குமாருக்கு அது தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தியேட்டரில் பொறுமை இல்லை. 1500 நாள் சீரியலுக்குப் பொறுமை காட்டுகிற ஜனம் 18 நிமிஷத்துக்குக் காட்டாதது ஏன் என்று நானும் யோசித்தேன். வீட்டில் வெங்காயம் உரிக்கலாம், குறுக்கே பேசலாம், நடுவில் எழுந்து போகலாம். தியேட்டரில் காசு கொடுத்து வாயை மூடி உட்கார்ந்திருக்கிறோம். நம் வயசில் பாத்ரூம் கவலை வேறு. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்குக் கேட்கத்தான் தோன்றும்.

நீ தலையில் தூக்கிவைத்து எழுதியிருந்த 'கொட்டுக்காளி'யையும் பார்த்துவிட்டேன். அத்தையோடுதான். ஒத்துக்கொள்கிறேன், எனக்கு முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருந்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. சாமியாரிடம் மந்திரிக்கக் கூட்டிப்போகிற பெண்ணாக அன்னா பென், கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. பெரிய ஆம்பிளைகள் எல்லாம் நடுரோட்டில் நிற்கிற மாட்டுக்குப் பயந்து முழிக்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாளே, அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் சூரி என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமல் படத்தை நிறுத்திவிட்டார் வினோத்ராஜ். எனக்குக் கோபம் வந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, விடை எழுதாமல் தாளைக் கொடுத்தால் எப்படி?

அத்தைக்கு ஒரு குழப்பமும் இல்லை. "அவன் திரும்பிப் போயிருவான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"படம் பூரா அவனுக்குத் தொண்டை கட்டிக் கிடக்கு பாத்தியா? கத்திக் கத்திக் கட்டுனது. அந்தத் தொண்டையோட எத்தனை நாளைக்குக் கத்துவான்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த விளக்கம் சரியா தப்பா என்று நீயே சொல்லு. விடை எழுதாமல் விட்டதற்கும் நான் அரை மார்க் போட்டுவிட்டேன்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மகாராஜா' கெட்டிக்காரத்தனமான படம்தான். முன்னே பின்னே கலைத்துப் போட்ட கதையை டைரக்டர் கோக்கிற விதம் பிரமாதம். ஆனால் இன்னொரு தடவை பார் என்றால் மாட்டேன், வயிற்றைப் பிசைகிறது. 'லப்பர் பந்து' எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு கிரிக்கெட் மைதானத்துக்குள் நுழைகிற இடத்தில் அத்தை கைதட்டினார். 'சுழல்' முதல் சீசன் எட்டுப் பகுதியையும் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் கண் சிவந்து நின்றேன். மயானக் கொள்ளைத் திருவிழாவை அப்படி ஒரு துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தது எனக்குப் பிடித்தது. இரண்டாவது சீசனில் அந்தத் திகைப்பு இல்லை.

கவிதா லீவுக்கு வந்தபோது ஒரு கொரியத் தொடர் போட்டுக் காட்டினாள். 'ரிப்ளை 1988'. ஒரு சந்தில் ஐந்து குடும்பம். முதல் பகுதியில் சாப்பாட்டு நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறது. இவர்கள் வீட்டுக் குழம்பு அங்கே, அங்கிருந்து கீரை இங்கே. கடைசியில் எல்லார் வீட்டிலும் எல்லாம் இருக்கிறது. நடுப்பெண்ணுக்கு மட்டும் தனியாகப் பிறந்தநாள் கேக் கிடையாது, அக்காவோடு சேர்த்து ஒரே கேக். அவள் வெடித்து அழுகிற இடத்தில் எனக்கு உன் ஞாபகம். உனக்கும் உன் அக்காவுக்கும் ஒரே துணியில் ஒரே மாதிரி பாவாடை தைப்பார்கள் அல்லவா? 1988இல் நாம் குந்தவை நாச்சியார் காலேஜில் இருந்தோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹிந்தி ராமாயணத்தை ஒரு வார்த்தை புரியாமல் உங்கள் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஊஞ்சலில் இடம்பிடிக்க எவ்வளவு சண்டை! அந்தத் தொடரும் நீளம்தான், ஒரு பகுதி ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி எவனாவது வந்தால் நான் அடிக்கப் போவேன்.

ஊர் நியாயம் இரண்டு வரி. குறுவை அறுப்பு நடக்கிறது, ரோட்டில் பாதி நெல் காய்கிறது, சாயங்காலமானால் மேகம் திரள்கிறது, ஜனங்கள் தார்ப்பாயோடு ஓடுகிறார்கள். வருகிற 20ஆம் தேதி தீபாவளி. இவர் இந்த வருஷமும் வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் ஒரு பை நிறைய வாங்கிவருவார்.

பொங்கலுக்குள் கால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. நேற்று உன் கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது, யார் எழுதியது என்று அத்தை கேட்டார். "என் சிநேகிதி, ஊஞ்சல் பலகைக்காரி" என்றேன். "ஆமா, மூக்குத்தி போட்டுக்கிட்டு, சத்தமா சிரிக்குமே, அந்தப் பொண்ணுதானே? பேரு நாக்கு நுனியில இருக்கு" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை. நீ வந்து உட்கார், ஒரு ராத்திரி பேசட்டும், அவரே கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
கலா