சோடாக் கம்பனிப் பங்கு பற்றித் தம்பிக்கு

பரந்தன்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். பெரும்போகத்துக்கு மழை பிழைக்கவில்லை. போன் எடுத்தால் பிறகு கதைக்கிறேன் என்கிறாய், பிறகு சத்தமே இல்லை. கந்தோரில் வேலை கூடவாக்கும்.

நீ எலிபன்ட் ஹவுஸ் பங்கு வாங்கினதாகத் தங்கச்சி சொன்னாள். "அப்பாவின் கடையில் அந்தச் சோடாவை அடுக்கி வளர்ந்தவன் நான், என்னைவிட ஆருக்குத் தெரியும்" என்றாயாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாயும் இருந்தது. காசு எங்கால் என்று நான் கேட்கவில்லை.

ஆனால், கொழும்புப் பங்குச் சந்தையில் அதன் பெயர் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ். கீல்ஸ் சுப்பர் மார்க்கெட்டும் அதற்குக் கீழேதான், வரவில் பெரும்பகுதியும் அங்கிருந்துதான். சோடாவைக் குடித்துப் பார்த்துவிட்டுப் பலசரக்குக் கடையை வாங்கியிருக்கிறாய், தெரியுமோ?

விற்கிற எனக்கே முழுதும் தெரியாது. மாதக் கடைசியில் ஒரு பிஸ்கற் ஏஜென்ற் வருவான். "ஐயா, பத்துப் பெட்டி இறக்குங்கோ, இரண்டு பிறீ" என்பான். அது விற்காமல் மா மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். அவன் புத்தகத்தில் விற்றாயிற்று. வாங்கித் தின்பவனுக்கு இதுவும் தெரியாது, கம்பனியின் கடனும் தெரியாது. நல்ல சாமான் என்று ஊருக்கே தெரிந்தால் பங்கு விலை அதற்கு முன்னமே ஏறியிருக்கும்.

கடன் எடுத்து மட்டும் பங்கு வாங்காதே.

உனக்குத் தெரிந்த கம்பனியில் பணம் போடு என்று அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் லின்ச் சொன்னதைத் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தாய். அந்த மனிசன் 1977 முதல் 1990 வரை, பலரின் காசைச் சேர்த்துப் பங்குகளில் போடும் மகெலன் நிதியை நடத்தினவர். மனைவி விரும்பி வாங்கின காலுறையைப் பார்த்து அந்தக் கம்பனியில் பணம் போட்டவர்தான். ஆனால் கோப்பி ருசி என்பதற்காகப் பங்கு வாங்கச் சொல்லவில்லை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். சாமானில் தொடங்கலாம், பிறகு கணக்கைப் படிக்க வேணும் என்பதுதான் அவர் கதை.

கொம்மாவின் ரோர்ச் வைத்த நோக்கியா இப்பவும் வேலை செய்கிறது. மண்ணில் விழுந்தது, மழையில் நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கம்பனியோ 2014 இல் போன் வியாபாரத்தையே மைக்ரோசொப்டுக்கு விற்றுவிட்டது.

உன் கெட்டித்தனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளை நீ. என்றாலும் கடன் காசு வேண்டாம். தங்கச்சிக்கென்று வங்கியில் போட்ட காசைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. வரும்போது அந்தப் பங்குக் கணக்குத் தாளையும் கொண்டு வா. கொம்மா பார்க்க வேணுமாம்.

அன்புடன்,
அப்பா