அரிசிப் பூஞ்சையும் அரசுக் கருவூலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பக்கம் உணவு நூல்களையும் அரசியல் வரலாற்று நூல்களையும் வெவ்வேறு வாரங்களுக்கு ஒதுக்கிவருகிறது. ஜப்பான் நவீன அரசாக மாறிய மெய்ஜி காலத்தைப் (1868–1912) படிப்பவருக்கு இந்தப் பாகுபாடு சரிப்பட்டு வராது.

அவித்த அரிசியின் மேல் கோஜி என்னும் பூஞ்சையை வளர்த்தால் அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். (நம் இட்லி மாவைப் பொங்கவைப்பவை பாக்டீரியாக்கள், வழி வேறு.) இப்படி உருவாகும் சாக்கே உள்ளிட்ட மதுவகைகளின் மீதான வரி, 1899 வாக்கில் நிலவரியையே விஞ்சி அரசின் முதன்மை வருவாயாயிற்று. குடியானவர்கள் வீட்டில் ஊறவைத்துக் குடித்துவந்த கலங்கல் மதுவை அவ்வாண்டில் அரசு தடைசெய்ததற்கும், 1904இல் மது நொதித்தல் ஆய்வகத்தை நிதியமைச்சகத்தின் கீழேயே நிறுவியதற்கும் பின்னணி இதுவே. தொட்டி கெட்டால் வரியும் கெடுமல்லவா?

அரசியல் நவீனமயமாதல் குறித்து நான் படித்த ஆய்வு நூல்கள் பலவும் 1889ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ராணுவம், பள்ளி ஆகியவற்றை விரித்துரைத்துவிட்டு, மதுவரியை அடிக்குறிப்பில் கடந்துவிடுகின்றன. நொதித்தல் நூல்களோ பூஞ்சையின் பெயரோடு நின்றுவிடுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2000இல் வெளியிட்ட, சீன நொதித்தல் குறித்த எச்.டி. ஹுவாங்கின் பெருந்தொகுதி, ஆறாம் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலின் செய்முறைகளை விரிவாக ஆராய்வது; அதை வரிவிதிப்பின் வரலாறு பற்றிய ஒரு நூலோடு சேர்த்து ஒரே மதிப்புரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர், மதுரை