எத்தனை லட்சம் சொற்கள் இருந்தென்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ் அகராதிச் செயலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எதில் எத்தனை லட்சம் சொற்கள் என்று ஒப்பிடுவதோடு நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சொல் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

செம்பூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் எல்லாம் உண்டு. தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. செய்தித்தாளில் ‘ஆற்றில்’ என்று பார்க்கிற பிள்ளை அதை அப்படியேதான் தட்டும். ‘சொல் இல்லை’ என்று பதில் வரும். ‘ஆறு’ என்று தேட வேண்டுமாம். ‘கேட்டார்கள்’ என்பதற்குக் ‘கேள்’, ‘சென்றனர்’ என்பதற்குச் ‘செல்’. இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு அகராதி எதற்கு?

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் அடிச்சொல்லைத் தலைச்சொல்லாக வைத்ததுதான். அச்சுப் புத்தகத்துக்கு வேறு வழியில்லை. கைபேசிக்கு என்ன கட்டாயம்?

ஒட்டுகளைக் கழற்றி அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வழியும் புதிதல்ல. ஒட்டுமேல் ஒட்டு சேரும் ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்ட ஹன்ஸ்பெல் என்னும் பிழைதிருத்தி, அடிச்சொல் பட்டியலையும் ஒட்டு விதிகளையும் வைத்தே வேலை செய்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் லிப்ரேஆஃபீஸ் அலுவலக மென்பொருளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அது பின்னொட்டை இரண்டு அடுக்குதான் கழற்றும். ‘வந்தவர்களிடமிருந்தும்’ போன்ற சொல்லுக்கு ஒட்டுகளை முன்கூட்டியே சேர்த்து விதி எழுத வேண்டியிருக்கும். வேலை அதிகம்தான், செய்ய முடியாததல்ல. பிரித்துக் காட்டும்போது ஒரே விடையோடு நிறுத்திவிடவும் கூடாது. ‘பாலை’ என்றால் பாலை நிலமாகவும் இருக்கலாம், ‘பாலைக் குடி’ என்பதில் வரும் பாலாகவும் இருக்கலாம். இரண்டையும் காட்டட்டும், படிக்கிறவர் இடம் பார்த்து எடுத்துக்கொள்வார்.

அப்புறம் எழுத்துப்பிழை. மராத்தியில் ளகரம் இருப்பதால் எங்கள் பிள்ளைகள் அதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, ழகரத்தில்தான் விழுகிறார்கள். பழத்தைத் தேடுகிறவன் ‘பலம்’ என்று தட்டினால் ‘வலிமை’ என்று பொருள் வரும். அதுவும் உள்ள சொல்தானே, எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. அதனால் சொல் கிடைத்தாலும்கூட ல-ள-ழ, ர-ற, ன-ண மாற்றிப் பார்த்து, அருகில் உள்ள சொற்களைக் கீழே காட்ட வேண்டும். கேட்காமல் தானாகத் திருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. ‘கொ’ என்பது பார்வைக்கு ஒன்றுதான் என்றாலும், கணினி எழுத்துகளைப் பதிவுசெய்யும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாகப் பதிவாகலாம். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளாத செயலியில் பிழையில்லாமல் தட்டிய சொல்லும் அகப்படாது.

அடுத்த முறை இப்படி ஒப்பிடும்போது உங்கள் இதழிலிருந்தே ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள சொற்களை அச்சான வடிவிலேயே தட்டிப் பாருங்கள். எந்தச் செயலியில் எத்தனை கிடைத்தன என்று வெளியிட்டால் எங்களுக்குப் பயன்படும்.

– ஒரு வாசகி,
செம்பூர், மும்பை