நம் டிராக்டர் அண்ணன் நினைவாக

நண்பர்களே, நாம் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்ட, நம் பழைய டிராக்டர் ஆர்வலர் குழுவின் மூத்த உறுப்பினர் காலமான செய்தி உங்களுக்கும் வந்திருக்கும்.

பழைய டிராக்டருக்குப் பெயின்ட் அடித்து அழகுக்கு நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. ஓடினால்தான் வண்டி என்பார். அவருடைய பழைய ஜெர்மன் டிராக்டரான லான்ஸ் புல்டாக்கைக் கிளப்புவதே தனி வேலை. புளோ லாம்ப் என்ற தீ விளக்கால் இன்ஜின் தலையைச் சூடேற்றுவார், அப்புறம் ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவி, பக்கவாட்டில் ஃபிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தில் சொருகி ஆட்டுவார். அந்த ஒற்றை சிலிண்டர் டுப் டுப்பென்று பிடித்துக்கொள்ளும்வரை பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது! 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் கியர் லிவரால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு அலுக்காமல் காட்டுவார். கார்புரேட்டரிடம் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

சரி, இப்போது செய்ய வேண்டியவை. வண்டிகளை விலை கேட்டு அவர் வீட்டுக்குத் தயவுசெய்து யாரும் போன் செய்யாதீர்கள். அவரிடம் இரவல் வாங்கிய ஸ்பேனர், மேனுவல் ஏதும் இருந்தால் அட்மினிடம் சொல்லுங்கள், மொத்தமாக ஒப்படைத்துவிடலாம். அவர் வண்டி ஓட்டும் படமோ வீடியோவோ இருந்தால் இங்கே போடுங்கள். வெறும் எமோஜி வேண்டாம், அவரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.