412 நாள்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மோட்டார் காயில் மறுபடி எரிந்துவிட்டது. பெரியம்மா விஷயம் பழையபடிதான்.

ஜெர்மன் கற்க நீ போனில் போட்டுக் கொடுத்த டுவோலிங்கோ ஆப்பை விடாமல் பார்க்கிறேன். 'மேட்ஷென்' என்றால் பெண்பிள்ளையாம், அதற்கு 'தாஸ்' போட்டு அஃறிணையில் தள்ளிவிட்டார்கள்! நான்கு தடவை தப்பாகப் போட்டேன். ஆப்பில் வரும் பச்சை ஆந்தை கோபிக்கவில்லை. பாடம் முடியும்முன் அதே கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு வாக்கியத்தில் வைத்துக் கேட்டது. அதன் வாராந்திரப் போட்டியில், ரூபி லீக்கில், 30 பேரில் ஏழாவதாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

உன் பெயருக்கு நேராக, விடாமல் பாடம் போட்ட கணக்கு 412 நாள் என்று இருந்தது. காலையில் பேப்பருக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தால் சரி, பையன் நன்றாக இருக்கிறான். மூன்று வாரமாகப் பூஜ்யம். ஒரு நாள் விட்டால் அந்தக் கணக்கைக் காப்பாற்ற 'ஃப்ரீஸ்' என்று ஒன்று இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஏது? வேலை அதிகமாயிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

கோத்தே நிலையத்தின் பி1 ஜெர்மன் தேர்வைப் பற்றிச் சும்மா விசாரித்தேன், உனக்காக இல்லை. நான்கு பகுதியாம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டுமாம். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாமாம். நம் தெருவில் தனியாக அவ்வளவு தூரம் போனவன் நீ ஒருத்தன்தான். ஆனால் வாரம் ஒரு போனுக்குமா நேரமில்லை? நேரத்துக்குச் சாப்பிடு என்று அம்மாவும் சொல்கிறாள்.

பத்தாவது அரையாண்டில் கணக்கில் 58 வாங்கி வந்தாயே, ரேங்க் கார்டைக் கையெழுத்துப் போடாமல் மூன்று நாள் டிவி மேல் வைத்திருந்தேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நீ அதைத் திறந்து பார்ப்பாய். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து உன்னைப் பார்ப்பேன். எந்தக் கணக்கில் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 30 வருஷ வாத்தியார். ஊரார் பிள்ளைக்கு எட்டாத கணக்கை இறக்கிக் கொடுக்கத் தெரிந்தது. உனக்கு ரேங்க் பட்டியலைத்தான் நீட்டினேன். அதனால்தான் மார்க் என்றால் எங்களிடம் வாயே திறப்பதில்லையோ.

விட்டுப்போனவர்களுக்கு அந்த ஆந்தை, 'நினைவூட்டல் பலிக்கவில்லை போலிருக்கிறது, இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறோம்' என்று செய்தி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுமாம். எனக்கு அப்படி ஒதுங்க வரவில்லை.

போன் பண்ணாவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒரு பாடம் போடு, இரண்டு நிமிஷம்தான். எண் 1 என்று மாறியதும் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா