வாகனம் ஏற்றாத கப்பலுக்கு வாகனக் கட்டணம் அறவிட்டமை தொடர்பான முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

பொது முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் காரியாலயத்துக்கு நடந்தும் தொலைபேசியில் காத்திருந்தும் சலித்துப்போன பின்னரே இக்கடிதத்தை எழுதுகிறேன். காங்கேசன்துறையிலிருந்து சொந்த வாகனத்துடன் நாகபட்டினம் சென்று, வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சாவூர், சிதம்பரம் பார்த்துத் திரும்பும் அந்தப் பயண ஒழுங்கைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதை விற்றவர்கள் தாங்களே. அதற்கு முற்பணமாக ரூபா 185,000 பெற்றுக்கொண்டு தந்த பற்றுச்சீட்டில் 'வாகன ஏற்றுக் கட்டணம்' என்று தனி வரியே இருக்கிறது. அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

அந்தக் கப்பலில் வாகனம் ஏற முடியாது. 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்ட அச்சேவை ஆட்களை ஏற்றுவதற்கானது. வாகனம் ஏற்றும் கப்பலென்றால் முன்புறமோ பின்புறமோ திறந்து இறங்குதுறையில் படியும் சாய்தளம் வேண்டும். உள்ளே வாகனங்களை அசையாமல் கட்டி நிறுத்தத் தனித் தளம் வேண்டும். இவை அதில் இல்லை என்பதை, அந்தக் கப்பலின் பயணத்தையே விற்றுப் பிழைக்கும் நிறுவனம் அறியாதிருந்தது என்று நான் நம்பப்போவதில்லை.

நான் ஏன் நம்பினேன் என்று தங்கள் பணியாளர் கேட்டார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை வாகனத்தைப் 'பாதை' என்னும் மிதவையில் ஏற்றித் தண்ணீரைக் கடந்தவர்கள் நாங்கள். மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் அப்படித்தான் போனோம். இந்தியாவிலும் இங்கு போலவே வீதியின் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். இந்நிலையில், பதிவு பெற்ற பயண நிறுவனம் ஒன்று பற்றுச்சீட்டு எழுதித் தந்து சொல்வதை எவர்தான் நம்பமாட்டார்?

'வாகனப் பரிசோதனை' என்று சொல்லி எங்களைக் காங்கேசன்துறைக்கு வரவழைத்தீர்களே, அந்த நாளை நான் மறக்கப்போவதில்லை. பயணிகள் அனைவரும் கடவுச்சீட்டுகளுடன் வரவேண்டும் என்று கூறியதால், எண்பது வயதைக் கடந்த என் தாயாரையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு, ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏ9 வீதியில் ஏறி, ஆனையிறவைக் கடந்து துறைமுக வாயிலுக்குச் சென்றோம். அம்மாவால் பஸ்ஸில் ஏற முடியாது. அதற்காகவே வானின் நடு ஆசனத்தைக் கழற்றி, சக்கர நாற்காலியின் சில்லுகள் வழுக்காமலிருக்க இருபக்கமும் விளிம்பு வைத்த பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்வித்து வைத்திருக்கிறேன். வாயிலில் நின்ற அதிகாரி வானைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பலகையையும் பார்த்தார். பின்னர், "ஐயா, இது ஆக்கள் மட்டும் போற கப்பல். உங்களுக்கு ஆர் இப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நிழலில்லாத அந்த வீதியோரத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு உங்கள் இலக்கத்துக்கு மீண்டும் மீண்டும் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் எடுத்தவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "படிச்ச ஆக்கள்தானே நீங்கள், நெட்டில ஒருக்காப் பாத்திருக்கலாமே." இதைச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டார். பார்த்துச் சொல்வதற்காகத்தானே உங்களுக்குப் பணம் தந்தேன்? அவரிடமிருந்து எழுத்துமூல மன்னிப்பு வராதவரை இந்த விடயத்தை நான் விடமாட்டேன். தங்கள் முன்கவுண்டரில் இருக்கும் பிள்ளை மட்டும் எங்களை மரியாதையாக நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். இக்கடிதத்தின் பொருட்டு அவருக்கு எந்தத் தொல்லையும் வரக்கூடாது.

கார்னே பத்திரத்துக்கென்று வேறு சேவைக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள். வாகனத்தை வரியின்றித் தற்காலிகமாக இன்னொரு நாட்டுக்குள் கொண்டுசெல்வதற்கான அந்தப் பத்திரத்தை வாகன ஓட்டுநர் சங்கமே, பிணைப் பணம் பெற்றுக்கொண்டு, பயணத்துக்கு முன்னரே வழங்குகிறது. நாட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்க அதிகாரிகள் அதில் முத்திரையிடுவார்கள். "அதைத் துறைமுகத்திலேயே எடுக்கலாம்" என்று சொன்னதும் உங்கள் நிறுவனமே. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றும் சொன்னீர்கள். நல்லவேளை, உங்கள் பேச்சைக் கேளாமல் நான் அதை எடுத்துவைத்தேன்.

ஓகஸ்ட் 29இல் கொடியேறி செப்டெம்பர் 8இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிச் செல்வது எங்கள் குடும்பத்தின் நேர்த்தி. இம்முறைத் திருவிழா முடிந்துவிட்டது. இனி வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும் வயதா அவருக்கு? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போகலாம், மேலதிகப் பணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறீர்கள். பத்து இலட்சம் ரூபா தந்தாலும் நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கு ஈடாகாது.

எனினும், தங்கள் நிறுவனத்துடன் பகைத்துக்கொள்வது என் நோக்கமல்ல. முற்பணம் முழுவதையும், கார்னே பத்திரத்துக்கான கட்டணத்தையும், காங்கேசன்துறைக்குச் சென்று திரும்பிய எரிபொருட் செலவையும் இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 'சொந்த வாகனத்தில் இந்தியா' என்ற விளம்பரத்தைத் தங்கள் வாசலிலிருந்து இன்றே அகற்றுங்கள். நேற்றும் ஒரு குடும்பம் அதன்முன் நின்று படித்துக்கொண்டிருந்தது.

தவறினால், மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் முறைப்பாடு செய்வேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் இதே ஆவணங்களை அனுப்புவேன்; தேவைப்பட்டால் இணக்க சபைக்கும் போவேன். தங்கள் பதிலைத் தொலைபேசியில் அல்லாமல், கையொப்பமிட்ட கடிதமாகவே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்